ஒரு சின்ன ஸ்கிரிப்டை முழுப் பேக்கேஜாகக் கட்டுவது எப்படி? மாணவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஷெல் ஸ்கிரிப்ட் (டெர்மினலில் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிய சிறு நிரல்) எழுதப் பழகும் மாணவர்களில் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். தங்கள் மடிக்கணினியில் ஸ்கிரிப்ட் ஓடியதும் வேலை முடிந்தது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அதே ஸ்கிரிப்டை முகம் தெரியாத ஒருவர் தன் கணினியில் ஒரே கட்டளையில் நிறுவ முடியுமா? நிறுவியபின் எங்கே என்ன கோப்பு உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? வேண்டாம் என்றால் சுவடே இல்லாமல் நீக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலைதான் பேக்கேஜிங். எனக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதில் ஒழுங்கு வந்ததே பேக்கேஜ் கட்டத் தொடங்கிய பிறகுதான். அதனால் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிக்காதீர்கள். இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள், அதையே பேக்கேஜாகக் கட்டுங்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு பாதையில்தான் போகிறது.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிக்கும்படி எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடம் தவிர, டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒரு லினக்ஸ்

டெபியன் அல்லது உபுண்டு இரண்டில் ஒன்று போதும். டெபியனை இயன் முர்டாக் 1993ல் தொடங்கினார். உபுண்டு அதன்மேல் கட்டப்பட்டது. எனவே இங்கே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாகவோ, வர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினியாகவோ நிறுவிக்கொள்ளலாம். கணினியே இல்லை, ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறது என்றால் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு ஸ்கிரிப்ட் பகுதியை அதிலேயே தொடங்கிவிடலாம். பேக்கேஜ் பகுதிக்கு மட்டும் ஒரு டெபியன் தேவைப்படும்.

என் பரிந்துரை மெய்நிகர் கணினிதான். பேக்கேஜ் நிறுவுவது ரூட் (கணினியில் எதையும் மாற்றக்கூடிய நிர்வாகி) உரிமையோடு நடக்கிற காரியம். பழகும்போது ஏதாவது கெட்டுப்போனால், முன்பே சேமித்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

எதை எழுதுவது?

நீங்கள் வாரம்தோறும் கையால் செய்யும் ஒரு சலிப்பான வேலையை எடுங்கள். கால்குலேட்டர், எண் ஊகிக்கும் விளையாட்டு போன்றவை வேண்டாம். அவற்றை நீங்களே இரண்டாம் முறை பயன்படுத்த மாட்டீர்கள், அதனால் குறையும் கண்ணில் படாது. நான் எடுத்துக்கொண்டது இது: ஒரு கோப்புறையில் சிதறிக் கிடக்கும் பாடக் குறிப்புப் பிடிஎஃப்களை அன்றைய தேதி போட்ட ஒரு கோப்புறைக்குள் நகலெடுத்து வைப்பது. கோப்புறை உருவாக்க 'எம்கேடிர்', நகலெடுக்க 'சிபி', தேதிக்கு 'டேட்', கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க ஒரு 'ஃபார்' சுற்று, அவ்வளவுதான்.

இந்த அளவுக்கு ஷெல் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். 'எல்எஸ்', 'சிடி', 'ஆர்எம்', 'கிரெப்', 'மேன்' ஆகியவை கைக்கு வரட்டும். இவற்றில், மற்றக் கட்டளைகளின் கையேட்டைக் காட்டும் 'மேன்' கட்டளையை மறந்துவிடாதீர்கள். 'மேன் சிபி' என்று தட்டிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஸ்கிரிப்டுக்குள் என்ன நடக்கிறது

முதல் வரி #! என்ற இரண்டு குறிகளோடு தொடங்கும். அதன்பின் எந்த நிரல் இந்தக் கோப்பைப் படிக்க வேண்டும் என்ற பாதை. இங்கே பலர் பழக்கதோஷத்தில் '/பின்/எஸ்எச்' என்று எழுதிவிட்டு, உள்ளே பாஷ் என்ற ஷெல்லுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்பு, அர்ரே (பல மதிப்புகளின் பட்டியல்) எல்லாம் பயன்படுத்துவார்கள். சில கணினிகளில் ஓடும். உபுண்டுவில் ஓடாது, ஏனென்றால் 2006ல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே அங்கே அந்தப் பெயர் டாஷ் என்ற சிறிய, வேகமான ஷெல்லைத்தான் குறிக்கிறது. பாஷ் வேண்டுமென்றால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள். பாஷ் என்பது பிரையன் ஃபாக்ஸ் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதி 1989ல் வெளிவந்த ஷெல். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் கிடைக்கும்.

முதல் வரியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. விண்டோஸ் எடிட்டரில் எழுதிக் கொண்டுவந்த கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். கணினி 'பாஷ்' என்ற நிரலைத் தேடாமல், அந்தக் குறியும் சேர்ந்த ஒரு பெயரைத் தேடும்; அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். கோப்பு கண்முன்னே சரியாக இருக்கும், ஓடாது. 'டாஸ்2யுனிக்ஸ்' என்ற கருவியை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

அடுத்தது மேற்கோள் குறி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். என் கோப்புறையில் 'இயற்பியல் பாடம் 3.பிடிஎஃப்' என்று ஒரு கோப்பு இருந்தது. சுற்றுக்குள் அந்தப் பெயரை வைத்திருக்கும் மாறியை மேற்கோள் குறி இல்லாமல் 'சிபி'க்குக் கொடுத்திருந்தேன். ஷெல் அந்தப் பெயரை இடைவெளியில் வெட்டிவிட்டது. 'சிபி' கையில் போனது ஒரு பெயரல்ல, மூன்று: 'இயற்பியல்', 'பாடம்', '3.பிடிஎஃப்'. மூன்றுமே இல்லை என்று மூன்று பிழைச்செய்தி வந்தது. மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டதும் முழுப் பெயரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தது. ஷெல்லில் எந்த மாறியைப் பயன்படுத்தினாலும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். வேண்டாத இடம் எது என்று பிறகு தானாகவே தெரியவரும்.

கோப்புறையில் ஒரு பிடிஎஃப்கூட இல்லையென்றால் என்ன ஆகும்? நட்சத்திரக் குறி போட்ட வடிவத்துக்கு எதுவும் பொருந்தாதபோது பாஷ் அந்த வடிவத்தையே, நட்சத்திரத்தோடு, ஒரு கோப்புப் பெயர்போலக் கொடுத்துவிடும். சுற்று ஒருமுறை ஓடி, இல்லாத கோப்பை நகலெடுக்கப் பார்த்துத் தோற்கும். 'நல்கிளாப்' என்ற அமைப்பை இயக்கினால் பொருத்தம் இல்லாதபோது சுற்று ஓடாமலே விடும். வெறும் கோப்புறை, இடைவெளி உள்ள பெயர், தமிழ்ப் பெயர், ஒரே பெயரில் ஏற்கெனவே இருக்கும் கோப்பு: இந்த நான்கையும் வேண்டுமென்றே உருவாக்கி ஓட்டிப் பாருங்கள்.

தமிழ்ப் பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு அது ஐந்து குறியீடு; யூடிஎஃப்-8ல் சேமித்தால் 15 பைட். ஸ்கிரிப்டில் நீளத்தைக் கேட்டால் மொழி அமைப்பைப் பொறுத்து 5 என்றோ 15 என்றோதான் வரும், 3 வராது. 'முதல் பத்து எழுத்தை மட்டும் வைத்துக்கொள்' என்று பெயரை வெட்டினால் கொம்போ புள்ளியோ தனியாக அறுந்து விழும். தமிழில் கோப்பு வைத்திருக்கும் நாம் இதைப் பார்த்தால்தான் உண்டு. வேறு யாரும் நமக்காகச் சோதிக்கப் போவதில்லை.

மேலே 'செட் -இயு' என்று ஒரு வரி சேருங்கள். ஒரு கட்டளை தோற்றால் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். மதிப்பே கொடுக்காத மாறியைத் தொட்டாலும் நின்றுவிடும். இரண்டாவதன் அருமை கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' பயன்படுத்தும் ஸ்கிரிப்டில் தெரியும். மாறிக்கு மதிப்புக் கொடுக்க மறந்திருந்து, அதன்பின் ஒரு சாய்கோடு இருந்தால், அழிக்கச் சொன்ன இடம் கணினியின் வேராகிவிடும் (எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலான இடம்).

கடைசியாக ஷெல்செக். உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்து, எந்த வரியில் எது தவறலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டுச் சொல்லும் கட்டற்ற கருவி. அது சொல்வதைத் திருத்துவதற்கு முன், ஏன் சொல்கிறது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கத்தைப் படியுங்கள். ஏஐ கருவி எழுதித் தந்த ஸ்கிரிப்டாக இருந்தாலும் இதே விதிதான்: புரியாத ஒரு வரிகூட உள்ளே இருக்கக் கூடாது, ஏனென்றால் நாளை அதை இன்னொருவர் கணினியில் நிறுவப்போவது நீங்கள்.

உரிமம், கிட்

இது அரைமணி வேலை. கிட் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமித்து வைக்கும் கருவி) களஞ்சியம் ஒன்று தொடங்கி ஸ்கிரிப்டை உள்ளே வையுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள். அப்புறம் உரிமம். உரிமமே போடாத நிரல் 'எல்லோருக்கும் பொது' ஆகிவிடாது. பதிப்புரிமை உங்களிடமே இருப்பதால் அதை நகலெடுக்கவோ மாற்றவோ மற்றவர்களுக்கு உரிமை கிடையாது. டெபியன், உபுண்டு போன்ற எந்த டிஸ்ட்ரோவும் அதைச் சேர்த்துக்கொள்ளாது. யார் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றால் எம்ஐடி உரிமம். மாற்றி வெளியிடுபவர்களும் மூலநிரலைத் திறந்தே வைக்க வேண்டும் என்றால் 2007ல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. இரண்டின் முழு வாசகத்தையும் ஒருமுறை படித்துவிட்டே தேர்ந்தெடுங்கள். எம்ஐடி சில பத்திகள்தான்.

கையால் ஒரு டெப் கட்டுவோம்

டெப் என்பது டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் கோப்பு. அதைக் கட்ட நல்ல கருவிகள் இருக்கின்றன, ஆனால் முதல் பேக்கேஜைக் கையால் கட்டுங்கள். உள்ளே மாயம் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். அதைப் பயனரின் கணினியின் வேர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் அவர் கணினியில் '/யுஎஸ்ஆர்/பின்' அடியில் போக வேண்டும், எனவே உங்கள் கோப்புறைக்குள்ளும் 'யுஎஸ்ஆர்', அதற்குள் 'பின்' உருவாக்கி அங்கே வையுங்கள். 'சிஎச்மோட் 755' கொடுத்து இயங்கும் அனுமதி தாருங்கள். இந்த இடத்தில் ஸ்கிரிப்டைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். '/ஹோம்/உங்கள் பெயர்' என்று எங்காவது நேரடியாக எழுதியிருக்கிறீர்களா? அந்தப் பெயரில் பயனர் வேறெந்தக் கணினியிலும் இல்லை. 'ஹோம்' (எல்லாம் பெரிய எழுத்து) என்ற மாறியைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து 'டெபியன்' என்ற பெயரில், எல்லாம் பெரிய எழுத்தில், இன்னொரு கோப்புறை. அதற்குள் 'கண்ட்ரோல்' என்ற ஒரே ஓர் உரைக் கோப்பு. பெயர், பதிப்பு, கணினி வகை, பராமரிப்பாளர், சார்புகள் (இது ஓடுவதற்குத் தேவையான பிற பேக்கேஜ்கள்), விளக்கம் என்று வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். பேக்கேஜ் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், கூட்டல் குறி, சிறுகோடு, புள்ளி மட்டுமே வரலாம். கணினி வகைக்கு 'ஆல்' என்று போடுங்கள், ஏனென்றால் ஸ்கிரிப்ட் எந்தப் பிராசஸரிலும் ஓடும். சி மொழியில் எழுதித் தொகுத்த நிரல் என்றால்தான் 'ஏஎம்டி64' போல ஒன்றைக் குறிப்பிட வேண்டும். விளக்கத்தின் முதல் வரி சுருக்கம். அடுத்த வரிகள் ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். அந்த இடைவெளியை விட்டுவிட்டால் கட்டும்போதே பிழை வரும்.

சார்புகள் என்ற வரியில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். என் ஸ்கிரிப்டில் பின்னர் ஒரு வசதி சேர்த்திருந்தேன்: ஒவ்வொரு பிடிஎஃப்பிலும் எத்தனை பக்கம் என்று சொல்வது. அதற்கு 'பிடிஎஃப்இன்ஃபோ' என்ற கட்டளையை அழைத்தேன். என் கணினியில் அருமையாக வேலை செய்தது. வகுப்புத் தோழனிடம் கொடுத்தேன். 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று வந்து நின்றது. எப்போதோ வேறெதற்கோ நான் நிறுவியிருந்த பாப்ளர்-யூட்டில்ஸ் பேக்கேஜில் அந்தக் கட்டளை இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று 'டிபிகேஜி -எஸ்' (பெரிய எஸ்) சொல்லும். ஸ்கிரிப்டில் உள்ள ஒவ்வொரு கட்டளைக்கும் அதைக் கேட்டுப் பாருங்கள். 'சிபி', 'எம்கேடிர்', பாஷ் போன்றவை டெபியனில் எப்போதும் இருந்தே தீர வேண்டிய பேக்கேஜ்களில் வருவதால் அவற்றை எழுதத் தேவையில்லை. மற்றவை எல்லாம் சார்பு வரியில் வர வேண்டும்.

இப்போது கட்டலாம். கட்டளை 'டிபிகேஜி-டெப்', அதோடு 'பில்ட்', 'ரூட்-ஓனர்-குரூப்' என்ற இரண்டு தெரிவுகள், இரண்டுக்கும் முன்னால் இரட்டைச் சிறுகோடு, கடைசியில் கோப்புறையின் பெயர். இரண்டாவது தெரிவு இல்லாவிட்டால் உள்ளே போகும் கோப்புகளுக்கு உரிமையாளராக உங்கள் பயனர் எண்ணே பதிந்துவிடும். முடிந்ததும் ஒரு டெப் கோப்பு கிடைக்கும். அதை உடனே நிறுவாதீர்கள். 'ஏஆர் டி' என்று கொடுத்து உள்ளே எட்டிப் பாருங்கள். மூன்றே உருப்படிகள்: வடிவத்தின் பதிப்பு எண் மட்டும் உள்ள ஒரு குட்டிக் கோப்பு, 'கண்ட்ரோல்' தகவல் அடங்கிய ஒரு டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு), உங்கள் கோப்புகள் அடங்கிய இன்னொரு டார். உலகம் முழுக்க ஓடும் சர்வர்களில் நிறுவப்படும் டெப்களும் இதே மூன்றுதான்.

நிறுவும்போது 'ஏபிடி இன்ஸ்டால்' என்பதன்பின் கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போடுங்கள். போடாவிட்டால் ஏபிடி அந்தப் பெயரை இணையக் களஞ்சியத்தில் தேடும். 'டிபிகேஜி -ஐ' என்றும் நிறுவலாம், ஆனால் அது சார்புகளைத் தானாக இறக்கித் தராது. நிறுவியபின் 'டிபிகேஜி -எல்' (பெரிய எல்) கொடுத்தால் உங்கள் பேக்கேஜ் வைத்த கோப்புகளின் பட்டியல் வரும். அப்புறம் 'ஏபிடி ரிமூவ்' செய்து, எல்லாம் போய்விட்டதா என்று பாருங்கள்.

சோதனையை உங்கள் கணினியோடு நிறுத்தாதீர்கள். பாட்மேன் அல்லது டாக்கரில் (கணினிக்குள்ளேயே ஒரு தனிச் சூழலை உருவாக்கும் கருவிகள்) டெபியனின் அடிப்படைப் படிமத்தை எடுத்து, அந்த வெறும் சூழலில் நிறுவிப் பாருங்கள். அங்கே உங்களுக்கே தெரியாமல் நிறுவியது எதுவும் இருக்காது. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் தோழனிடம் கொடுப்பதற்கு முன்பே பாப்ளர் விஷயம் வெளிவந்திருக்கும்.

டிஸ்ட்ரோக்கள் கட்டும் முறை

டெபியனுக்குள் பேக்கேஜ்கள் கையால் கட்டப்படுவதில்லை. மூலநிரலிலிருந்து, எவர் கட்டினாலும் ஒரேபோல வரும்படி கட்டப்படுகின்றன. இதைப் பழக க்னூ ஹலோவை எடுங்கள். ஒரு வணக்கத்தை அச்சிடுவதைத் தவிர அது வேறெதுவும் பெரிதாகச் செய்யாது. மற்றவர்கள் பார்த்துப் படிக்கவென்றே பராமரிக்கப்படும் பேக்கேஜ். மூலநிரல் களஞ்சியங்களை இயக்கிவிட்டு 'ஏபிடி சோர்ஸ் ஹலோ', 'ஏபிடி பில்ட்-டெப் ஹலோ' இரண்டையும் கொடுங்கள். பிறகு அந்தக் கோப்புறைக்குள் போய் 'டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ்' ஓட்டுங்கள். கையெழுத்து வேண்டாம் என்று '-யுஎஸ் -யுசி' சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே 'டெபியன்' கோப்புறை, இம்முறை சிற்றெழுத்தில், இருக்கும். 'ரூல்ஸ்' என்ற கோப்பு கட்டும் முறையைச் சொல்கிறது. எளிய பேக்கேஜ்களில் மூன்று வரிதான். மிச்சத்தை டெப்ஹெல்பர் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வரி டேப் விசையால் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி தட்டினால் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் அந்தக் கோப்பைப் படிக்கும் மேக் என்ற கருவி ஏற்காது. மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'சேஞ்ச்லாக்' கோப்பின் வடிவம் இன்னும் கறார்: பெயர்வரிக்கு முன் ஓர் இடைவெளி, மின்னஞ்சலுக்கும் தேதிக்கும் நடுவே இரண்டு. கையால் எழுதாமல் 'டிசிஎச்' கருவியை விட்டு எழுதுங்கள்.

பதிப்பு எண்ணையும் கவனியுங்கள். '1.0-1' என்றால் மூல ஆசிரியரின் 1.0, அதற்கு டெபியன் செய்த முதல் பேக்கேஜ். '1.10' என்பது '1.9'ஐவிடப் புதியது. அலைக்குறி போட்ட '1.0~ஆர்சி1' மட்டும் '1.0'க்கு முந்தியது, சோதனைப் பதிப்பு வைத்திருப்பவர்கள் முறையான பதிப்புக்குத் தானாக ஏறுவதற்காகவே அந்தக் குறி.

இப்போது உங்கள் ஸ்கிரிப்டுக்கும் இதேபோல ஒரு 'டெபியன்' கோப்புறை எழுதிக் கட்டுங்கள். வந்த டெப்பை, பேக்கேஜில் குறை தேடும் லிண்டியன் என்ற கருவியிடம் கொடுங்கள். பதிப்புரிமைக் கோப்பு இல்லை, மேன் பக்கம் இல்லை என்று அடுக்கும். மேன் பக்கம் எழுதும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்பதை நான்கு பத்தியில் விளக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் தெரிவுகளின் பெயர்களில்தான் குழப்பம் இருக்கும்.

ஃபெடோரா என்ற இன்னொரு டிஸ்ட்ரோ பக்கம் போனால் இதே தகவல்கள் ஸ்பெக் என்ற ஒரே கோப்பில் இருக்கும். ஆர்ச் லினக்ஸில் பிகேஜிபில்ட் என்ற கோப்பு, அது ஒரு பாஷ் ஸ்கிரிப்டேதான். ஒன்று பழகினால் மற்றதற்கு மாறுவது எளிது. ஸ்கிரிப்ட் நூறு வரியைத் தாண்டி வளர்ந்தால் பைத்தானுக்கு மாற்றுவது என் வழக்கம். அங்கே பைபிராஜெக்ட்.டாம்ல் கோப்பில் விவரங்களை எழுதி, சோதனைக்கென்றே இருக்கும் டெஸ்ட்பைபிஐ தளத்தில் முதலில் ஏற்றிப் பாருங்கள். உண்மையான பைபிஐயில் (பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியம்) ஒருமுறை ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரும் பதிப்பும் கொண்டு மறுபடி ஏற்ற முடியாது.

நம்பிக்கை பற்றி

டெப் கோப்புக்குள் நிறுவும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களும் வைக்கலாம், அவை ரூட் உரிமையோடு ஓடும். அதாவது உங்கள் பேக்கேஜை நிறுவுபவர் தன் கணினியின் சாவியை ஒரு நொடி உங்கள் கையில் தருகிறார். 2024 மார்ச்சில் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) ஒன்றைப் புதைத்திருந்தார்கள். அதை இயக்கிவிடும் வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லை. பேக்கேஜ் கட்டுபவர்கள் எடுக்கும் வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தன. எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஏன் என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால் அது அம்பலமானது. எனவே பிறர் எழுதிய மென்பொருளுக்குப் பேக்கேஜ் கட்டும்போது டார் கோப்பையும் களஞ்சியத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்கிரிப்டுக்கு நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்ட் தேவையே இல்லையென்றால் வைக்காதீர்கள்.

வெளியே கொண்டுபோவது

உங்கள் இருபது வரி ஸ்கிரிப்டை நேராக டெபியனுக்குள் சேர்க்க முயல வேண்டாம். அங்கே சேரும் ஒவ்வொரு பேக்கேஜையும் யாரோ பல ஆண்டுகள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டெப் கோப்பை உங்கள் களஞ்சியத்தின் வெளியீட்டுப் பகுதியில் வையுங்கள், பயன்படுத்த நாலு பேர் வரட்டும்.

பங்களிக்க வேண்டும் என்றால் ஏற்கெனவே உள்ள பேக்கேஜ்களில் வேலை நிறையவே கிடக்கிறது. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்னக் கருவியை எடுத்து, அதன் மேல் பதிவான பிழைகளைப் படியுங்கள். டெபியனின் பிழைப் பட்டியலில் புதியவர்களுக்கு ஏற்றவை என்று குறியிட்ட பிழைகளும் உண்டு. பராமரிப்பாளர் இல்லாமல் கைவிடப்பட்ட பேக்கேஜ்களுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது. ஒரு மேன் பக்கத்தில் தவறு, விளக்கத்தில் பழைய தகவல், தமிழ் மொழிபெயர்ப்பில் விடுபட்ட வரிகள் என்று ஒன்றைத் திருத்திப் பேட்ச் (மாற்றிய வரிகளைக் காட்டும் கோப்பு) அனுப்புங்கள். புதிய பேக்கேஜே சேர்க்க வேண்டிய நாள் வரும்போது டெபியனில் மென்டார்ஸ் தளத்தில் ஏற்றி, உங்களுக்காக அதைப் பார்த்து ஏற்றிவிட ஒரு டெபியன் டெவலப்பரைக் கேட்க வேண்டும். அவரை ஸ்பான்சர் என்பார்கள்.

முதல்முறை அனுப்பியதற்குப் பத்துத் திருத்தம் கேட்டுப் பதில் வரலாம், இல்லை மூன்று வாரம் பதிலே வராமலும் இருக்கலாம். பார்ப்பவர்களில் பலர் வேலை முடிந்து வந்து தங்கள் சொந்த நேரத்தில் பார்ப்பவர்கள். ஒரு மாதம் பொறுத்து, பணிவாக ஒரு வரி நினைவூட்டுங்கள். திருத்தம் வந்தால் ஒவ்வொன்றுக்கும் அதன் கீழேயே பதில் எழுதுங்கள்: செய்துவிட்டேன், அல்லது இந்தக் காரணத்தால் செய்யவில்லை. 'டிசிஎச்' ஓட்டி, என்ன மாறியது என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி கட்டி, மறுபடி வெறும் சூழலில் நிறுவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.